சோளப்பாம்புக்கு வீட்டில் இடம் அமைத்தல்: பெட்டி முதலில், பாம்பு பிறகு

பாம்பு வளர்க்க முதன்முறையாக ஆசைப்படுபவர்களில் பலர், பாம்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. பாம்பு தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிர் அன்று. இரை செரிப்பதும், சட்டை உரிப்பதும், நோயை எதிர்ப்பதும் அது இருக்கும் இடத்தின் வெப்பத்தைப் பொறுத்தே நடக்கின்றன. காட்டில் இருக்கும் பாம்பு, உடல் சூடேற வேண்டுமென்றால் வெயிலுக்கு ஊர்ந்து செல்லும். போதும் என்று பட்டால் மரப்பட்டைக்கு அடியிலோ பொந்துக்குள்ளோ புகுந்துகொள்ளும். பெட்டிக்குள் அந்தத் தெரிவை நாம் அமைத்துக் கொடுக்காவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. ஆகவே பெட்டியை முழுவதுமாக அமைத்து, வெற்றுப் பெட்டியாகவே ஒரு வாரமேனும் இயக்கிப் பார்த்து, அளவுகள் நிலைத்து நிற்கின்றன என்று உறுதியான பிறகே பாம்பை வாங்க வேண்டும்.

இந்தக் கட்டுரை சோளப்பாம்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. கடைகளில் 'கார்ன் ஸ்நேக்' என்று கேட்டால் கிடைக்கும் இது, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைத் தாயகமாகக் கொண்டது. வடக்கே நியூ ஜெர்சியிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரை காணப்படுகிறது. நஞ்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும் வகையைச் சேர்ந்தது. முட்டையிலிருந்து வெளிவரும்போது ஒரு சாண் அளவோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும் குட்டி, வளர்ந்தபின் பெரும்பாலும் 90 முதல் 150 செ.மீ. நீளத்தை எட்டும், சில 180 செ.மீ. வரையும் வளரும். நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வாழக்கூடியது, சில அதற்கு மேலும் வாழும். பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பும் புதியவர்களுக்கு ஏற்றதென்று அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அது மாதக்கணக்கில் உண்ண மறுத்து, வளர்ப்பவரைக் கலங்கவைக்கும் இயல்புடையது. சோளப்பாம்போ பொதுவாக நன்றாக உண்ணும், சிறு பிழைகளையும் தாங்கிக்கொள்ளும். முதல் பாம்பாக இதையே நான் பரிந்துரைப்பேன்.

சட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

தமிழ்நாட்டிலோ இந்தியாவின் வேறெந்தப் பகுதியிலோ இருப்பவர்கள் ஒன்றை ஐயமின்றி அறிந்திருக்க வேண்டும். நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி போன்ற நம் மண்ணின் பாம்புகளைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். தோட்டத்தில் கண்டெடுத்த குட்டியை 'வளர்த்துவிட்டு விடுகிறேன்' என்று பெட்டியில் போட்டு வைப்பதும் இதில் அடங்கும். அயல்நாட்டு இனங்களைப் பொறுத்தவரை, அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இடம்பெற்றுள்ள விலங்குகளை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டில் வெளியான விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் 2.0 இணையவாசலில் பதிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன ஆப்பிரிக்க மலைப்பாம்பு அந்தப் பட்டியலில் உள்ளது, சோளப்பாம்பு இல்லை. இருந்தாலும், முறையாக இறக்குமதியான வழியில் வந்தது அல்லது வளர்ப்பகத்தில் பிறந்தது என்பதைக் காட்டும் தாள்களைத் தராத விற்பனையாளரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள்.

வெளிநாடுகளில் வாழும் தமிழர்கள் தத்தம் ஊர் விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் சோளப்பாம்பு வளர்க்க உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வைத்திருக்க அனுமதி கிடையாது. ஆஸ்திரேலியாவில் அந்நாட்டுப் பாம்புகளை உரிமம் பெற்று வளர்க்கலாம். சோளப்பாம்பு அங்கே தடைசெய்யப்பட்டது. வாடகை வீடானால் ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களின் சம்மதத்தையும் இப்போதே பெறுங்கள்; பாம்பைவிட, பாம்புக்கான எலிகள் குளிர்பதனப் பெட்டியில் இருக்கப்போகின்றன என்ற செய்திக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும்.

பெட்டி

வளர்ந்த ஒரு சோளப்பாம்புக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம், அதாவது நான்கடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்ற அளவைக் குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். பாம்பு எந்நேரமும் சுருண்டுதான் கிடக்கும், அதற்கு இவ்வளவு இடம் எதற்கு என்று சிலர் சொல்வார்கள். சிறிய பெட்டியில் வைத்தால் சுருண்டு கிடப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை என்பதே காரணம். இடம் கொடுத்தால் அந்தி சாய்ந்த பிறகு அது ஏறும், துழாவும், உடலை முழுதாக நீட்டிப் படுக்கும். உடலை நீட்டிக்கொள்ள முடிவது தசைகளுக்கும் செரிமானத்துக்கும் நல்லது. உங்கள் பாம்பு நான்கடியைத் தாண்டி வளர்ந்தால் பெட்டியின் நீளமும் அதற்கேற்பக் கூட வேண்டும். உயரமும் வீணன்று, தாயகத்தில் மரங்களிலும் பாழடைந்த கொட்டகைகளின் உத்திரங்களிலும் ஏறித் திரியும் இனம் இது.

குட்டியை நேரே பெரிய பெட்டியில் விடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். பெரிய பெட்டி குட்டியை அச்சுறுத்துவதில்லை. வெறிச்சோடிய பெரிய பெட்டிதான் அச்சுறுத்துகிறது. இலையும் கிளையும் பதுங்கிடங்களும் நிறைந்திருந்தால் குட்டியும் அதில் நன்றாகவே வாழும். ஆனால் பென்சில் தடிமனுள்ள குட்டி நுழைந்து போகாதபடி பெட்டியின் எல்லா இடுக்குகளையும் அடைக்க முடியுமா என்பதே உண்மையான சிக்கல். முடியாதென்றால், முதல் ஓராண்டுக்கு 60 செ.மீ. நீளமுள்ள, நன்றாக மூடக்கூடிய சிறிய பெட்டி போதும்.

கண்ணாடி, பிவிசி, மெலமைன் பூசிய மரப்பலகை என மூன்று வகைப் பெட்டிகள் வழக்கத்தில் உள்ளன. மேற்புறம் முழுதும் வலையாக இருக்கும் மீன்தொட்டி போன்ற கண்ணாடிப் பெட்டியில் வெப்பமும் ஈரமும் மேலே போய்விடும். குளிர்நாட்டில் அது பெருந்தொல்லை, சென்னை போன்ற கடலோர ஊரிலோ அதுவே ஒரு நன்மை. பிவிசி பெட்டிகள் எடை குறைந்தவை, ஈரத்தைத் தாங்குபவை, விலை கூடியவை. மரப்பெட்டியைத் தச்சரிடம் சொல்லி உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். உட்புற மூட்டுகளை மீன்தொட்டிக்கென விற்கப்படும் சிலிக்கான் பசையால் அடைத்து, அதன் புளித்த வாடை முற்றிலும் அகலும்வரை சில நாள்கள் திறந்து போட்டிருக்க வேண்டும். எந்த வகையானாலும் கதவு முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். மேலிருந்து இறங்கிவரும் கை, பருந்து வருவதாகவே பாம்புக்குத் தோன்றும்.

காற்றோட்டத்துக்கு ஒரு பக்கத்தில் தாழ்வாகவும் எதிர்ப்பக்கத்தில் உயரமாகவும் துளைகள் வேண்டும். சூடான காற்று மேலே வெளியேற, புதுக்காற்று கீழே நுழையும். நகரும் கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியையும், மின்கம்பி நுழையும் துளையையும் மறக்காதீர்கள். தப்பிய பாம்புகளில் பல இந்த இரண்டு வழிகளில்தான் போகின்றன. கதவுக்குப் பூட்டு கட்டாயம். கனமான புத்தகத்தை மூடிமேல் வைப்பது பூட்டாகாது. சோளப்பாம்பு மூக்கால் முட்டி முட்டிப் பார்க்கும் இனம். அதன் பொறுமை நம்முடையதைவிடப் பெரிது.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். சன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் கண்ணாடிப் பெட்டி அரை மணி நேரத்துக்குள் உயிருக்கு ஆபத்தான சூட்டை எட்டிவிடும். ஒலிபெருக்கிக்கு அருகிலும், கதவு அடிக்கடி அடித்துச் சாத்தப்படும் இடத்திலும் வைக்க வேண்டாம். அதிர்வைப் பாம்பு உடலால் உணரும். நம் வீடுகளுக்கே உரிய சில பொருள்களையும் இங்கே சொல்ல வேண்டும். கொசுவர்த்திச் சுருள், செருகி வைக்கும் கொசு விரட்டி, கரப்பான் மருந்துத் தெளிப்பு, அந்துருண்டை, சாம்பிராணிப் புகை ஆகிய எவையும் பாம்பு இருக்கும் அறையில் கூடா. கொசு மருந்துகளிலுள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு ஊர்வனவற்றின் நரம்புகளைத் தாக்கக்கூடியது. அந்த அறைக்குச் சன்னல் வலை அடிப்பதே சரியான வழி.

வெப்பம்

இந்தப் பகுதியில் அவசரப்பட வேண்டாம். வளர்ப்புப் பாம்புகளுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைப்பது நோக்கமன்று. ஒரு கோடி சூடாகவும் மறு கோடி குளிர்ந்தும் இருந்து, இடையில் வெப்பம் படிப்படியாகக் குறைந்து செல்ல வேண்டும். சூடான கோடியில், விளக்கின் நேர்கீழே பாம்பு படுக்கும் பரப்பு 30 முதல் 32 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த கோடியின் காற்று 21 முதல் 24 டிகிரி. இரவில் எல்லாம் சேர்ந்து 20 டிகிரி வரை இறங்குவதால் கேடில்லை. இயற்கையிலும் இரவு குளிரத்தான் செய்கிறது.

சூட்டை மேலிருந்து தருவதே இயற்கைக்கு நெருக்கமானது. பகலில் ஹாலோஜன் விளக்கு நல்ல தெரிவு. நான்கடிப் பெட்டிக்கு, சாதாரண அறையில், 50 முதல் 75 வாட் பெரும்பாலும் போதும். இரவிலும் சூடு தேவைப்படும் குளிர்நாட்டு வீடுகளில் ஒளி தராத செராமிக் வெப்ப உமிழியைச் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் தொங்கும் எந்த வெப்பக் கருவிக்கும் கம்பிவலைக் கூடு போட வேண்டும். இல்லாவிட்டால் பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு கடுமையாகச் சுட்டுக்கொள்ளும். பெட்டிக்கு அடியில் ஒட்டும் வெப்ப விரிப்பை இன்னும் பலர் பயன்படுத்துகிறார்கள். அது தரையைச் சூடாக்குமே தவிரக் காற்றைச் சூடாக்காது. அதை மட்டுமே நம்பினால் பெட்டித் தளத்தின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூடும் அளவில் பயன்படுத்துங்கள். அதன்மேல் பரப்பும் பொருளையும் தடிமனாகப் போடாதீர்கள், ஏனெனில் மேலே சூடு தெரியாமல் அடியில் மட்டும் கொதிக்கும். உள்ளே வைக்கும் 'சூடேறும் கல்' என்ற பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் ஒரு புள்ளி ஆறியும் இன்னொரு புள்ளி தீயாகவும் இருக்கும். அதனால் வயிறு வெந்த பாம்புகள் ஏராளம்.

மேலே சொன்ன எந்தக் கருவியையும், சூடு குறித்த அளவை எட்டியதும் மின்சாரத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மின்சாரத்தில் செருகக் கூடாது. இதற்கு விதிவிலக்கு இல்லை. ஒளி தரும் விளக்குகளுக்கு, ஒளியைக் கூட்டிக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் டிம்மிங் வகையும், செராமிக் உமிழிக்கு, மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாகத் தரும் பல்ஸ் வகையும், விரிப்புக்கு எளிய நிறுத்தி இயக்கும் வகையும் பொருந்தும். பணத்தை மிச்சம்பிடிக்க நினைப்பவர்கள் அலங்காரப் பொருள்களில் பிடிக்கட்டும், தெர்மோஸ்டாட்டில் வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அதன் நம்பகம் அமையும். மேல்விளக்கானால், பாம்பு படுக்கும் சூடான பரப்பில், விளக்குக்குக் கீழே. விரிப்பானால், விரிப்பை ஒட்டியுள்ள தளத்தில். பாம்பு அதை இழுத்துக் குளிர்ந்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டால், கருவி 'இன்னும் சூடு போதவில்லை' என்று எண்ணி விளக்கை எரித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து உணர்முனை நனைந்தாலும் இதே கதைதான். ஆகவே கம்பிப் பிடிப்பானாலோ சிலிக்கான் பசையாலோ அதை உறுதியாகப் பொருத்துங்கள். ஒட்டுநாடாவை மட்டும் பெட்டிக்குள் எங்கும் பயன்படுத்த வேண்டாம். அது பிரிந்து பாம்பின் உடலில் ஒட்டிக்கொண்டால், பிய்க்கும்போது செதில்களும் சேர்ந்து வரும்.

தெர்மோஸ்டாட்டின் முகப்பில் தெரியும் எண்ணை அப்படியே நம்பாமல், உணர்முனையுடன் கூடிய இரண்டு மின்னணு வெப்பமானிகளைத் தனியே வாங்கி, சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக வையுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் வகை சிறந்தது. நீங்கள் உறங்கும்போது பெட்டிக்குள் என்ன நடந்தது என்பதை அதுதான் சொல்லும். கண்ணாடியில் ஒட்டும் முள் வெப்பமானிகள் பல டிகிரி தவறாகக் காட்டுவது வழக்கம். மின்கம்பிகள் செருகியை அடையும் முன் ஒரு வளைவாகத் தாழ்ந்து பிறகு மேலே ஏறட்டும். தண்ணீர் வழிந்தால் அந்த வளைவில் சொட்டுமே தவிரச் செருகிக்குள் போகாது. மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அந்தச் சுற்றில் உள்ளதா என்பதையும் பாருங்கள்.

இதுவரை சொன்னது சூடாக்குவதைப் பற்றி. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சிக்கல் நேர்மாறானது. ஆங்கிலத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. குளிர்ந்த கோடி தானாகவே குளிர்ந்திருக்கும் என்று அவை கருதிக்கொள்கின்றன. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் அறையே 34 டிகிரியைத் தொடும்போது பெட்டிக்குள் குளிர்ந்த கோடி என்பதே இருக்காது. பாம்பு சூடேற முடியாமல் சில நாள் தாங்கும். ஆறிக்கொள்ள முடியாமல் சில மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். பகல் முழுதும் 30 டிகிரிக்கு மேல் நிற்கும் அறையில் விளக்கே தேவைப்படாது. குளிர்ந்த பக்கத்தை எப்படிப் பேணுவது என்பதே கேள்வி. தரைத்தளத்தில் வெயில் படாத அறையைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியை அலமாரியின் உயரத்தில் அல்லாமல் தாழ்வாக வையுங்கள். குளிர்ந்த பக்கத்தில் தடித்த கருங்கல் பலகையோ ஓடோ போட்டு, அதன்மேல் பதுங்கிடத்தை அமையுங்கள். உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே, குளிர்ந்த பக்கச் சுவரை ஒட்டி வைப்பது அவசரத்துக்கு உதவும். இவை எல்லாம் செய்தும் குளிர்ந்த கோடி 28 டிகிரிக்குக் கீழே வராத வீடு என்றால், கோடையில் அந்த அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும். அந்தச் செலவுக்கு வழியில்லையென்றால் பாம்பு வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நேர்மையானது.

மின்வெட்டு குளிர்நாட்டில் வந்தால் பெட்டியைப் போர்வையால் போர்த்தி, பாம்புக்கு இரை கொடுக்காமல் காத்திருங்கள். 18, 20 டிகிரியில் ஓரிரு நாள் இருப்பது நலமான சோளப்பாம்புக்கு ஆபத்தன்று. வயிற்றில் இரை இருக்கும்போது குளிர் பிடித்தால்தான் செரிக்காமல் கக்கிவிடும்.

தரை, பதுங்கிடம், கிளை

சோளப்பாம்பு தரைக்குள் புகுந்து ஊரும் இயல்புடையது. ஐந்து முதல் எட்டு செ.மீ. ஆழத்துக்கேனும் தளர்வான பொருளைப் பரப்ப வேண்டும். மேலைநாடுகளில் ஆஸ்பென் மரச்சீவல் பரவலாகக் கிடைக்கும். அதில் பாம்பு போட்ட சுரங்கம் சரியாமல் நிற்கும். நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பது தேங்காய் நார்த்தூளும் தேங்காய் மட்டைச் சில்லுகளும். அயல்நாட்டுக் கடைகளில் ஊர்வனவற்றுக்கென அழகான உறையில் விற்கப்படும் நார்க்கட்டிகளில் பல, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போனவைதான். தோட்டத்துக்கென விற்கும் நார்த்தூளை வாங்கினால் உரம் கலக்காததா என்று கேட்டு, உப்பும் தூசும் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்திப் பயன்படுத்துங்கள். மரம் அறுக்கும் பட்டறையிலிருந்து அள்ளி வரும் மரத்தூள் வேண்டாம். அதில் எந்தெந்த மரம் கலந்திருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. தேவதாரு, பைன் போன்ற பிசின் மணமுள்ள மரங்களின் எண்ணெய் பாம்பின் மூச்சுறுப்புகளுக்குக் கேடு. வெறும் மணலும் ஏற்றதன்று.

பதுங்கிடங்கள் குறைந்தது இரண்டு: சூடான கோடியில் ஒன்று, குளிர்ந்த கோடியில் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருப்பது நல்லது. ஒன்று பாதுகாப்பாகவும் மற்றது அப்படி இல்லாமலும் பட்டால், பாம்பு தன் வெப்பத் தேவையை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பான இடத்திலேயே அடைந்து கிடக்கும். பதுங்கிடம் விசாலமாக இருக்கக் கூடாது. சுருண்டு படுக்கும்போது உடலின் பக்கங்கள் சுவரில் உரச வேண்டும், அந்த உரசல்தான் அதற்கு நிம்மதி. கவிழ்த்து வைத்த மண்சட்டியின் விளிம்பில் வாசல் வெட்டி, கூர்மையை அரத்தால் தேய்த்துவிட்டால் போதும், கடையில் வாங்கும் பிளாஸ்டிக் குகையைவிட நன்றாகவே இருக்கும். மூன்றாவதாக, மூடியுள்ள டப்பாவில் ஓட்டை போட்டு, ஈரமாக்கிப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை நிரப்பி நடுப்பகுதியில் வைத்தால் சட்டை உரிக்கும் காலத்தில் பாம்பு அதைத் தேடிப் போகும்.

ஏறுவதற்குக் கிளைகள் வேண்டும். கொய்யாக் கிளை உறுதியானது, வழவழப்பானது. பூச்சிமருந்து அடிக்காத மரமாகப் பார்த்து வெட்டி, தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் பல நாள் காயவிடுங்கள். அரளி, எருக்கு போன்ற நச்சுப்பால் உள்ளவற்றைத் தொடவே வேண்டாம். கல், ஓடு, கனமான கிளை ஆகியவற்றை முதலில் பெட்டியின் தளத்தில் நேரே நிறுத்தி, அதன் பிறகே நார்த்தூளைச் சுற்றிலும் பரப்ப வேண்டும். தூளின்மேல் கல்லை வைத்தால், அடியில் தோண்டிப் போகும் பாம்பின்மேல் அது சரிந்துவிடும். நடுவெளியில் உலர்ந்த இலைகள், செயற்கைக் கொடிகள் என்று நிறைய போடுங்கள். பாம்பு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தன்னை மறைத்துக்கொண்டே போக முடிந்தால்தான் அடிக்கடி வெளியே வரும்.

தண்ணீர், ஈரப்பதம், ஒளி

கவிழாத, கனமான கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். நாள்தோறும் மாற்ற வேண்டும். பார்க்க வரும் பெரியவர்கள் யாராவது பால் வைக்கச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். பாலைச் செரிக்கும் உடலமைப்பு பாம்புக்கு இல்லை.

ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு வரை இருந்தால் நல்லது. ஈரப்பதமானி ஒன்றை வாங்கி நடுவில் பொருத்துங்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் நாடுகளில் காற்று மிகவும் உலர்ந்துவிடும். அங்கே கிண்ணத்தைப் பெரிதாக்கி, நார்த்தூளின் ஒரு மூலையில் சிறிது தண்ணீர் ஊற்றினால் போதும். நம் கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் ஈரம் மிகுந்து நிற்கும். அப்போது காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், ஈரப்பாசி டப்பாவைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். தரை சொதசொதவென்று கிடந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும், நுரையீரலிலும் தொற்று வரும்.

பகல் 12 மணி நேரம் ஒளி, இரவு முழு இருட்டு. இரவில் எரிக்கவென்று விற்கும் சிவப்பு, நீல விளக்குகளால் பயன் எதுவுமில்லை. புற ஊதா-பி கதிர் இல்லாமலும் சோளப்பாம்புகள் தலைமுறைகளாக வளர்க்கப்பட்டிருக்கின்றன. இருந்தாலும் குறைந்த செறிவில் அதைத் தரும் நீள்குழல் விளக்கு உடல்நலத்துக்கு உதவும் என்ற கருத்து இப்போது வலுத்துவருகிறது, நானும் அதையே சரியென்று கொள்கிறேன். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் விளக்கு உள்ளேயோ வலையின் மேலோ இருக்க வேண்டும்.

வெற்றுப் பெட்டியை இயக்கிப் பாருங்கள்

எல்லாவற்றையும் பொருத்திய பின் ஒரு வாரம் பாம்பில்லாமல் ஓட்டுங்கள். காலை, உச்சிவேளை, இரவு என்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டில் நீங்கள் வைத்த எண்ணும், படுக்கும் பரப்பில் வெப்பமானி காட்டும் எண்ணும் பொருந்தாவிட்டால், வெப்பமானியை நம்பித் தெர்மோஸ்டாட்டைத் திருத்துங்கள். இரவில் அறையை இருட்டாக்கி, பெட்டிக்குள் ஒரு கைவிளக்கை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஒளி கசியும் இடுக்குகள் எல்லாம் குட்டி கசியும் இடுக்குகளாக இருக்கலாம்.

பாம்பு வந்த பிறகு

இது உங்கள் முதல் பாம்பென்றால், நோய் தொற்ற வேறு பாம்பு வீட்டில் இல்லை என்பதால் நேரே பெட்டியில் விடலாம். ஆனால் முதல் சில வாரங்களுக்கு நார்த்தூளை எடுத்துவிட்டுத் தரையில் வெள்ளைத் தாளைப் பரப்பி வைப்பது நல்லது. கரும்புள்ளிகள்போல் ஊரும் சிற்றுண்ணிகள் இருந்தால் தாளில் உடனே தெரியும், எச்சத்தையும் கவனிக்கலாம். ஒரே பெட்டியில் இரண்டு பாம்புகளை வைக்கவே கூடாது. சோளப்பாம்பு தனித்து வாழும் இனம். ஒன்றின்மேல் ஒன்று கிடப்பது அன்பினாலன்று, நல்ல இடத்துக்கான போட்டியினால். சில வேளைகளில் ஒன்று மற்றதை விழுங்கியும் விடும்.

முதல் வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறெதற்கும் கையை உள்ளே விடாதீர்கள். அதன்பின் இரை கொடுங்கள். இரண்டு மூன்று முறை ஒழுங்காக உண்ட பிறகே கையில் எடுங்கள். குட்டிக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை கண்திறவாத சுண்டெலிக்குஞ்சு ஒன்று. வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை முழு சுண்டெலி ஒன்று. இரையின் தடிமன் பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் அளவுக்குள் இருக்கட்டும். உறைந்த எலியை முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, கொடுக்கும் முன் வெந்நீரில் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால் எலி வெடிக்கும். உயிருள்ள எலியை விட்டால் அது பாம்பைக் கடித்துக் குதறிவிடக்கூடும். இரை உண்ட 48 மணி நேரம் பாம்பைத் தூக்கக் கூடாது.

எச்சத்தைக் கண்டவுடன் அள்ளுங்கள். தரைப் பொருள் முழுவதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி, பெட்டியை ஊர்வனவற்றுக்கு ஏற்ற கிருமிநாசினியால் துடைத்து உலர்த்துங்கள். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருப்பது வழக்கம் என்பதால், பாம்பையோ பெட்டியையோ தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.

அமைப்பு சரியாக இருக்கிறதா என்பதைப் பாம்பின் நடத்தையே காட்டிக்கொடுக்கும். எந்நேரமும் சூடான கோடியிலேயே கிடந்தால் பெட்டி குளிர்ந்திருக்கிறது. எந்நேரமும் குளிர்ந்த கோடியிலேயே கிடந்தால் மறு பக்கம் கொதிக்கிறது, அல்லது அங்குள்ள பதுங்கிடம் பிடிக்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே நாள்கணக்கில் ஊறிக்கிடந்தால் சூடோ சிற்றுண்ணியோ காரணமாக இருக்கலாம். கண்கள் நீலம் பாய்ந்து மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது; அப்போது தொந்தரவு செய்யாமல் ஈரப்பாசியை மட்டும் நனைத்து வையுங்கள். உரித்த சட்டை மூக்கிலிருந்து வால்நுனி வரை ஒரே துண்டாக வந்திருக்க வேண்டும். கண்களை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதில்களான கண்மூடிகளும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். துண்டு துண்டாக உரிந்திருந்தால் ஈரப்பதம் போதவில்லை. வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டாலோ மூக்கில் குமிழி வந்தாலோ ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோக வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பைப் பார்ப்பதில்லை. யார் பார்ப்பார்கள் என்பதைப் பாம்பு வாங்குவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் பெட்டி காலியாக இருக்கலாம். அறைக் கதவைச் சாத்தி, அடியிலுள்ள இடைவெளியைத் துணியால் அடைத்துவிட்டு, பெட்டிக்கு அருகிலிருந்து தொடங்கித் தேடுங்கள். குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், கணினியின் அடி, புத்தக அடுக்கின் பின்னிடுக்கு போன்ற இளஞ்சூடான, இருண்ட இடங்களை முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் இரவில் சுவரோரமாக மெல்லிய மாவுக் கோடு போட்டு வையுங்கள். எந்தத் திசையில் ஊர்ந்தது என்பது காலையில் தெரியும். பதுங்கிடமும் தண்ணீரும் வைத்துப் பெட்டியின் கதவைத் திறந்தே விடுங்கள், தானாகத் திரும்பி வந்தவையும் உண்டு. அக்கம்பக்கத்தாரிடம் மறைக்காமல், அது நஞ்சற்ற வளர்ப்புப் பாம்பு என்று படத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். முதலில் அவர்கள் கண்ணில் பட்டால், கையில் கம்பை எடுப்பதற்கு முன் உங்களைக் கூப்பிடுவார்கள்.